நம்ம ஊரா, வெளியூரா?

ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. சனிக்கிழமை காலை 11 மணி, ஓ.பி.யில் உட்கார இடமில்லை. பில்லிங் கவுன்டரில் மட்டும் வரிசை நகரவில்லை. கணினி ஓடுகிறது, இணையம் வருகிறது, பில் அச்சாகவில்லை. பிரிண்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் அடிக்கும், மறுபடி ஊமையாகிவிடும். டோனரை மாற்றிப் பார்த்திருந்தார்கள், கேபிளை மாற்றிப் பார்த்திருந்தார்கள், கடைசியில் பிரிண்டரையே மாற்றியிருந்தார்கள்.

நானும் என்னோடு வேலை பார்க்கும் தம்பியும் முக்கால் மணி நேரம் துழாவியதில் விஷயம் பிடிபட்டது. பிரிண்டருக்கு யாரோ எப்போதோ 192.168.1.50 என்று கையால் ஐபி போட்டுவைத்திருக்கிறார்கள்; மாற்றிய பிரிண்டருக்கும் அதே எண். ரௌட்டரோ 2 முதல் 254 வரை எல்லா எண்ணையும் வருகிற போகிற போன்களுக்கெல்லாம் வாரி வழங்கிக்கொண்டிருந்தது. இரவில் பிரிண்டர் அணைந்து கிடக்கும். விடிகாலையில் யாரோ ஒரு நோயாளியின் சொந்தக்காரர் வைஃபைக்குள் நுழைகிறார், அவர் போனுக்கு 50 போய்விடுகிறது. எட்டரைக்கு பிரிண்டர் விழிக்கிறது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. தபால்காரர் என்ன செய்வார்?

பிரிண்டருக்கு வேறு எண் கொடுத்துவிட்டு எதிர்க்கடையில் டீ சொன்னோம்.

“அதான் கான்ஃப்ளிக்ட் தீர்ந்துச்சுங்களே அண்ணா, ரௌட்டர் எண் கொடுக்கற பூலை மட்டும் சுருக்கிட்டாப் போதாதுங்களா?” என்றான் தம்பி.

“அடுத்த சனிக்கிழமை வரைக்கும் போதும்,” என்றேன். உள்ளே 48 கேமரா, அதைப் பதிவு செய்யும் பெட்டி 2, கணினியும் பிரிண்டருமாக 30, லேபில் அரை டஜன் இயந்திரம், அதற்கு மேல் கணக்கில்லாத போன்கள். எல்லாம் ஒரே சந்தையில் நின்று கத்திக்கொண்டிருக்கின்றன. பிரித்துத்தான் ஆகவேண்டும்.

பிரிப்பது என்றதும் பையன் முகம் மாறிவிட்டது. ஆறு மாதம் முன்னால்தான் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவன். கேட்டால் அட்டவணையை அப்படியே ஒப்பிப்பான். “உண்மையைச் சொல்லட்டுங்களா? சப்நெட் எனக்குப் புரியவே இல்லைங்ண்ணா, மனப்பாடம்தான்.” இதை வாய்விட்டுச் சொல்லும் ஆட்கள் குறைவு. இன்னொரு டீ சொன்னேன்.

லேண்ட்லைன் நம்பரிலிருந்து ஆரம்பித்தேன். இவன் வளர்ந்ததே செல்போன் காலத்தில். ஆனால் கோபியில் இவன் அப்புச்சி வீட்டில் லேண்ட்லைன் இருந்திருக்கிறது, எஸ்.டி.டி. கோடு 04285 என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. ஈரோட்டுக்கு 0424. சென்னைக்கு 044. முன்னால் நிற்கும் சைபரை எடுத்துவிட்டு எண்ணிப் பார். சென்னைக்குக் கோடு 2 இலக்கம், போன் நம்பர் 8 இலக்கம். ஈரோட்டுக்கு 3, 7. கோபிக்கு 4, 6. எப்படிக் கூட்டினாலும் 10. ஊர் பெரிதாக இருந்தால் கோடு சின்னது, உள்ளே நிறையப் பேருக்கு நம்பர் கொடுக்கலாம். சின்ன ஊருக்குக் கோடு நீளம், நம்பர் குறைவு.

ஐபி முகவரியும் இதேதான். மொத்தம் 32 பிட். முன்பக்கம் ஊர்க் கோடு, பின்பக்கம் ஊருக்குள் அந்த இயந்திரத்தின் எண். கோடு எங்கே முடிகிறது என்று சொல்வதுதான் சப்நெட் மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்ணும், அதாவது 24 பிட், கோடு. அதையே சுருக்கி /24 என்று எழுதுகிறோம். மிச்சம் 8 பிட், 256 எண்.

இன்னும் ஒன்றைக் கவனிக்கச் சொன்னேன். கோபியிலிருந்து கோபிக்குப் பேச நம்பரை மட்டும் சுழற்றினால் போதும். வெளியூர் என்றால் முதலில் 0 போடவேண்டும். அந்த சைபர்தான் கேட்வே. ஒரு கணினி எதையாவது அனுப்பும் முன் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றே ஒன்று: இவன் நம்ம ஊரா, வெளியூரா? தன் ஐபியில் மாஸ்க்கை வைத்துப் பார்க்கும், எதிராளி ஐபியிலும் வைத்துப் பார்க்கும். இரண்டு கோடும் ஒன்றாக இருந்தால் தெருவில் நின்று “இந்த எண் யாருப்பா?” என்று கத்தும். இதற்குப் பெயர் ஆர்ப். உரியவன் கை தூக்குவான், நேரே கொடுத்துவிடும். கோடு வேறாக இருந்தால் கத்தாது. கட்டிக் கேட்வே கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். சப்நெட்டில் வருகிற எல்லாக் குழப்பமும் இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் கிடைப்பதால் வருவதுதான்.

ஆரம்ப காலத்தில் ஊர்க் கோடு மூன்றே நீளத்தில்தான் இருந்தது. 1981இல் வந்த ஆர்எஃப்சி 791 என்ற இணைய விதி ஆவணம் வகுத்த ஏ, பி, சி வகுப்புகள். சி எடுத்தால் 254 இயந்திரம், பி எடுத்தால் 65,534, ஏ எடுத்தால் ஒன்றரைக் கோடிக்கும் மேல். 300 கணினி வைத்திருப்பவன் எதை வாங்குவான்? சி பத்தாது. பி வாங்கினால் 65,000 எண் சும்மா கிடக்கும். வாங்கியதை உள்ளே கூறுபோட்டுக்கொள்ள 1985இல் ஜெஃப்ரி மோகலும் ஜான் போஸ்டலும் எழுதிய ஆர்எஃப்சி 950 வழி செய்தது. சப்நெட் என்பது முறையாக நிலைபெற்றது அதில்தான். 1993இல் சைடர் முறை வந்து வகுப்புகளையே தூக்கிவிட்டு, கோடு எந்த பிட்டில் வேண்டுமானாலும் முடியலாம் என்று ஆக்கியது. இன்றைக்கும் சில வகுப்பறைகளில் ஏ, பி, சியில் ஆரம்பித்து அதிலேயே ஒரு வாரம் ஓட்டுகிறார்கள். எதற்கென்று எனக்குப் புரிந்ததில்லை.

“இதெல்லாம் சரிங்ண்ணா. 255.255.255.192 வந்தா மண்டை சுத்துதே,” என்றான்.

சுற்றத்தான் செய்யும். போன் கோடு இலக்கத்தின் ஓரத்தில் முடிகிறது. ஐபியில் கோடு ஓர் எண்ணின் நடு வயிற்றில் முடிகிறது. பாடப் புத்தகம் உடனே இருமத்துக்குப் போய் ஒன்றும் சைபருமாக எட்டெட்டாக எழுதவைக்கும். எழுதலாம், தப்பில்லை. ஆனால் நம் பாட்டன் காலத்துக் கணக்கே இதற்குப் போதும்: அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம். ஒவ்வொன்றும் முந்தையதில் சரிபாதி. பிட் கணக்கும் பாதி பாதியாக வெட்டுவதுதான்.

அவனுக்கு அரைக்கால் என்றால் டவுசர்தான் தெரிந்திருந்தது. பிஸ்கட் பாக்கெட்டின் அட்டையைக் கிழித்து எழுதிக் காட்டினேன். /24 முழுசு, 256. ஒரு பிட் கூட்டி /25, அரை, 128. /26 கால், 64. /27 அரைக்கால், 32. /28 வீசம், 16. /29 அரைவீசம், 8. /30 கால்வீசம், 4. இதற்கும் கீழே காணி, முந்திரி என்று போனால் நம் கணக்கு பாதியை விட்டு வேறு வழியில் போய்விடும், நமக்கு அது தேவைப்படாது. மாஸ்க்கைப் பார்த்ததும் அளவு தெரியவேண்டுமா? 256இலிருந்து கழி. 256இல் 192 போனால் 64, ஆகவே கால். 240 போனால் 16, வீசம். 248 போனால் 8, அரைவீசம்.

அளவு தெரிந்துவிட்டால் எல்லை தானாகத் தெரியும். கால் என்றால் 0, 64, 128, 192 ஆகிய நான்கு இடத்தில்தான் தொடங்கலாம். 50இல் தொடங்கும் கால் கிடையாது. 192.168.1.70க்கு மாஸ்க் 192 என்றால் அவன் இரண்டாவது காலில் இருக்கிறான், 64 முதல் 127 வரை. அதில் முதல் எண் 64 ஊரின் பெயர், யாருக்கும் கொடுக்கக்கூடாது. கடைசி எண் 127 தண்டோரா, அதற்கு அனுப்பினால் ஊருக்கே கேட்கும். மிச்சம் 62. அதிலும் ஒன்று கேட்வேக்குப் போய்விடும்.

“அப்ப முக்கால்?” என்றான். நல்ல கேள்வி. முக்கால் கிடையாது. 192 எண் கொண்ட ஒற்றை ஊர் உருவாக்க முடியாது. அரையும் காலும் தனித்தனி ஊராக இருக்கலாம், ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஊராக இருக்க முடியாது. முக்கால் வேண்டுமென்றால் முழுசைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தெம்பு வந்துவிட்டது. அட்டையின் மறுபக்கம் மருத்துவமனையை அவனே கூறுபோட்டான். போன்களுக்கு அரை, கேமராவுக்குக் கால், அலுவலகத்தின் 30 கருவிக்கு அரைக்கால், மிச்சமுள்ள அரைக்கால் லேபுக்கு. பெரியதை முதலில் வைத்து, சின்னதைப் பிறகு அடுக்கினான். அந்த ஒழுங்கு சரி. சின்னதை முதலில் வைத்தால் பெரியது உட்கார எல்லை கிடைக்காமல் நடுவில் ஓட்டை விழும்.

“30க்கு அரைக்கால் பத்துமா?”

“32 இருக்குதுங்களே. ரெண்டு போனா 30. கரெக்டா பத்துது.”

“கேட்வே எங்க குடியிருப்பான்?”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். 29தான் மிச்சம். ஓர் எண் குறைகிறது. பரீட்சையில் மதிப்பெண் வாங்கித் தந்த விடை, களத்தில் ஒரு கணினியை வெளியே நிறுத்திவிடுகிறது.

மாஸ்க் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையையே சொன்னேன். போன வருடம் ஒரு நூற்பு ஆலை. இதேபோல் கால் காலாகப் பிரித்த வலை. கணக்குப் பிரிவில் ஒரு கணினிக்கு 192.168.1.70, கேட்வே 65 என்று சரியாகப் போட்டேன். மாஸ்க் மட்டும் பழக்க தோஷத்தில் 255.255.255.0 என்று அடித்துவிட்டேன். இணையம் வந்தது, மெயில் வந்தது, பக்கத்து மேசையோடும் பேசியது. எடைமேடைக் கணினி, 192.168.1.130, மட்டும் கிடைக்கவில்லை. மற்ற எல்லாக் கணினியிலிருந்தும் அதற்கு பிங் போகிறது, இதிலிருந்து மட்டும் போகவில்லை. ஃபயர்வாலைக் குற்றம் சொன்னேன், கேபிளைக் குற்றம் சொன்னேன், எடைமேடை ஆளையும் கொஞ்சம் திட்டினேன். ஒரு பகல் போனது.

நடந்தது இதுதான். மாஸ்க் 0 என்று இருப்பதால் அந்தக் கணினிக்கு முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருக்கிற எல்லாரும் நம்ம ஊர். 130ஐ உள்ளூர் என்று நம்பி, கேட்வேயிடம் போகாமல் தன் தெருவிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. 130 இருப்பதோ மூன்றாவது காலில், அடுத்த ஊரில். அந்தச் சத்தம் ரௌட்டரைத் தாண்டாது. கூகுள் வேலை செய்ததன் காரணமும் இதுதான்: கூகுள் எந்த மாஸ்க்கைப் போட்டாலும் வெளியூர். சில ரௌட்டர்கள் இரக்கப்பட்டு, “அவனுக்காக நான் வாங்கிக்கிறேன்” என்று ஆர்ப்புக்குப் பதில் சொல்லிவிடும், தப்பு வெளியே தெரியாது. ஒருநாள் ரௌட்டரை மாற்றுவார்கள், அன்றைக்குப் புது ரௌட்டர் சரியில்லை என்பார்கள்.

பிறகு அந்த பிஸ்கட் அட்டையைக் கசக்கிப் போடச் சொன்னேன். பையனுக்கு வருத்தம்தான். ஆனால் ஒரே /24க்குள் இத்தனையையும் திணிப்பது பரீட்சைத்தாளுக்கு அழகு. வீட்டுக்குள் புழங்கும் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 தனியார் பயன்பாட்டுக்கென்று மூன்று புலம் ஒதுக்கியிருக்கிறது: 10இல் தொடங்கும் எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்கும் எல்லாம். 10 மட்டுமே 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். இவ்வளவு கொட்டிக்கிடக்கும்போது 29க்கும் 30க்கும் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

நாங்கள் கடைசியில் போட்டது இப்படி. அலுவலகம் 10.20.10.0, லேப் 10.20.20.0, கேமரா 10.20.30.0, மூன்றுக்கும் /24. வருகிறவர்களின் போன்களுக்கு மட்டும் இரண்டு முழுசு சேர்ந்த /23, 10.20.40.0இலிருந்து. மாஸ்க் 255.255.254.0, 510 எண். /23 எப்போதும் மூன்றாம் எண் இரட்டைப்படையில்தான் தொடங்கும். அதன் நடுவில் யாருக்காவது 10.20.40.255 கிடைத்தால் பதற வேண்டாம், அங்கே அது தண்டோரா எண் கிடையாது, சாதாரண வீட்டு எண். ஸ்விட்ச்சைத் தனித்தனித் தெருவாகப் பிரிக்கும் விலான் எண்களையும் 10, 20, 30, 40 என்றே வைத்தோம். ராத்திரி 2 மணிக்கு யாராவது போனில் கூப்பிட்டு ஐபி சொன்னால், எந்தப் பிரிவு என்று தூக்கத்திலேயே சொல்லிவிடலாம்.

விலான் இல்லாமல் எண்ணை மட்டும் மாற்றினால் பிரித்ததாக ஆகாது. ஒரே ஸ்விட்ச்சில் இரண்டு சப்நெட் ஓடினால் ஒருவன் கத்துவது மற்றவன் காதிலும் விழும். விலானும் போட்டாச்சு என்றால்கூட, ஊர்களை இணைக்கும் ரௌட்டர் கேட்காமலே வழிவிடும். நோயாளியின் சொந்தக்காரர் போன், லேப் இயந்திரத்தை எட்டக்கூடாது என்றால் அதை ஃபயர்வாலில் தனியாக எழுதவேண்டும்.

அப்படியானால் வீசமும் அரைவீசமும் எதற்கு? ஐஎஸ்பியிடம் போனால் தெரியும். வெளி உலகத்து எண்கள் தீர்ந்து வெகு நாளாகிறது. உலகக் கையிருப்பின் கடைசிக் கட்டுகளை 2011 பிப்ரவரி 3 அன்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். லீஸ்டு லைன் வாங்கினால் அரைவீசம், ஒரு /29 தருவார்கள். உதாரணத்துக்கு 203.0.113.8/29. 8 ஊர்ப் பெயர், 15 தண்டோரா, 9 அவர்கள் ரௌட்டருக்கு. உங்களுக்கு 10 முதல் 14 வரை ஐந்தே ஐந்து. ரௌட்டருக்கும் ரௌட்டருக்கும் இடையில் ஓடும் கம்பிக்குக் கால்வீசம், /30, கச்சிதமாக இரண்டு எண். அதில்கூட இரண்டு வீணாகிறதே என்று 2000இல் ஆர்எஃப்சி 3021 கம்பி இணைப்புக்கு /31ஐயும் அனுமதித்துவிட்டது.

யாருக்குக் கையால் எண் போடுவது, யாரைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வது? இடம் மாறாமல் இருந்து மற்றவர்கள் தேடி வரும் கருவிக்கு நிலையான எண்: ரௌட்டர், ஸ்விட்ச், பிரிண்டர், கேமராப் பதிவுப் பெட்டி. மற்றதெல்லாம் டிஹெச்சிபி. புதிதாக வரும் போன் “எண் கொடுக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா?” என்று கூவும். சர்வர் “இதை வெச்சுக்கறியா?” என்று நீட்டும். “அதையே கொடுங்க” என்று இது கேட்கும். “எடுத்துக்கோ, இத்தனை மணி நேரத்துக்கு” என்று அது முடிக்கும். நான்கே பேச்சு. அந்தக் கூவலும் ஊர் எல்லையைத் தாண்டாது என்பதால், சர்வர் வேறு சப்நெட்டில் இருந்தால் ரௌட்டரில் ரிலே போடவேண்டும். போடாவிட்டால் எண் கிடைக்காத கணினி தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்தால் ஐபி வந்துவிட்டது என்று சந்தோஷப்படாதே, கேட்டுக் கேட்டு ஏமாந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு ஊரிலும் 1 கேட்வே, 2 முதல் 99 வரை கையால் போடுபவை, 100க்கு மேல்தான் டிஹெச்சிபி பூல். இந்த ஒரு கோடு கிழித்திருந்தால் பில்லிங் பிரிண்டர் சண்டையே வந்திருக்காது. இதைவிட நல்ல வழி, பிரிண்டருக்கே உரிய வன்பொருள் எண்ணான மேக்கை சர்வரிலேயே எழுதி “இவன் வந்தால் இந்த எண்தான்” என்று ஒதுக்கிவைப்பது. பிரிண்டரை மாற்றினால் மேக்கையும் மாற்றவேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். போன்களின் பூலுக்கு லீஸ் நேரத்தை 2 மணியாகக் குறைத்தோம். ஒரு நாள் என்று விட்டால், வீட்டுக்குப் போனவரின் எண்ணும் நாள் முழுக்கப் பிடிபட்டே கிடக்கும்.

192.168.1ஐ ஏன் விட்டோம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே ஒரு டாக்டர் இரவில் வீட்டிலிருந்து விபிஎன் வழியாக ஸ்கேன் பார்ப்பார். விபிஎன் இணைகிறது, ஸ்கேன் வரவில்லை என்பது அவருடைய நெடுநாள் புகார். அவர் வீட்டு ரௌட்டரும், கடையில் வாங்குகிற பல ரௌட்டர்களைப் போலவே, 192.168.1தான். ஸ்கேன் சர்வரின் எண்ணைச் சொன்னதும் அவர் லேப்டாப் “அட, நம்ம ஊர்” என்று சொந்த வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஞாயிறு மதியம் ஓ.பி. இல்லாத நேரத்தில் வேலையை முடித்தோம். ரௌட்டர் போர்ட்டுக்கு ஐபி போட்டுவிட்டு, அதை உயிர்ப்பிக்கும் “நோ ஷட்டவுன்” கட்டளையைக் கொடுக்க மறந்து பையன் கால் மணி நேரம் விழித்தான். அது எல்லோருக்கும் ஒருமுறை நடப்பது. ஸ்விட்ச்சுக்கு எண் போடும்போது அவனே “போர்ட்ல இல்லைங்ண்ணா, விலான் இன்டர்ஃபேஸ்ல, கேட்வேயும் சேர்த்து” என்றான். எந்த எண் யாருக்கு என்ற பட்டியலை அச்சடித்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். பில்லிங் பிரிண்டர் அதில் மூன்றாவது வரி: 10.20.10.11.